கட்டம் கட்டமா ஒரு அம்மா: ரெட்ரோ ஆர்பிஜி கேம் ஏன் மனசுல ஒட்டிக்குது

போன தீபாவளிக்கு சுங்கை சிப்புட்ல பாட்டி வீட்டுல எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா மகன் ஹால்ல ஒரு மூலையில லேப்டாப்ப வெச்சிக்கிட்டு அண்டர்டேல் விளையாடிக்கிட்டு இருந்தான், அவனுக்கு வயசு 13. முறுக்கு தட்டோட அந்தப் பக்கமா போன மாமா ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு, "என்னடா இது, நாங்க சின்ன வயசுல விளையாடுன கேம் மாதிரி இருக்கு, இன்னுமா லா இத விக்கிறானுங்க, நல்ல கிராஃபிக்ஸ் செய்ய காசு இல்லையா"ன்னாரு. பக்கத்துல இருந்த அண்ணன், "அப்படி இல்ல மாமா, பழைய ஞாபகத்துக்காக வாங்குறாங்க"ன்னு பதில் சொன்னாரு.

ரெண்டும் தப்பு. ஆனா எங்க போனாலும் இந்த ரெண்டு பேச்சுதான் காதுல விழுது: ஒண்ணு காசு இல்ல, இல்லன்னா பழைய ஞாபகம். அந்தப் பையன் பழைய கேம் மிஷின்ல சொருகற கார்ட்ரிட்ஜ கையில தொட்டதே இல்ல, அவனுக்கு எங்கேருந்து பழைய ஞாபகம் வரும்? அன்னிக்கு ராத்திரி அவன் அந்த கேம்ல வர்ற டொரியல்னு ஒருத்தங்கள தெரியாத்தனமா கொன்னுட்டு, சோறு கூட வேணாம்னு கண்ணு கலங்கி உக்காந்திருந்தான். நாலு கலர் கட்டத்துல வரைஞ்ச ஒரு ஆட்டுத்தல அம்மாவுக்காக ஒரு பையன் ஏன் அழணும்? அதத்தான் அடியிலேருந்து சொல்லலாம்னு எழுதுறேன். கேமே விளையாடாதவங்களும் படிக்கலாம். முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல வர்றத சொல்லுவேன், நடுவுல ஒரு இடத்த மட்டும் கொஞ்சம் தொடுவேன், முடிவ சொல்ல மாட்டேன்.

மொதல்ல மூணு வார்த்த

இண்டி. பெரிய கம்பெனி காசு போடாம, ஒருத்தரோ சில பேரோ சேந்து தாங்களே செய்யற கேம் இண்டி கேம். நம்ம ஊர்ப்பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் வெச்சிருக்கற கம்பெனி தோட்டமும் இருக்கு, ரெண்டு ஏக்கர் செம்பனைய தானே பாத்துக்கற சின்ன தோட்டக்காரரும் இருக்காரு. சின்னவருக்கு ஆள் கம்மி, மிஷின் கம்மி, ஆனா நடுவுல நாலு வாழை வெக்கணும்னா யாரையும் கேக்க வேண்டியதில்ல. இண்டின்னா ஓசி கேம்னும் நெனைக்கிறாங்க, மட்டமான கேம்னும் நெனைக்கிறாங்க, ரெண்டும் கெடையாது, முடிவு யாரு கையில இருக்குங்கறதுதான் விஷயம். அண்டர்டேல டோபி ஃபாக்ஸ்ங்கற அமெரிக்கக்காரர் செஞ்சாரு. கத, வசனம், மியூசிக், புரோகிராம் பெரும்பாலும் அவரு ஒருத்தரே, படம் வரையறதுல டெம்மி சாங் பெரிய பங்கு. 2013ல கிக்ஸ்டார்ட்டர் மூலமா 5,000 டாலர் கேட்டாரு, அது கோயில் திருவிழாவுக்கு ரசீது புத்தகத்தோட வீடு வீடா வர்ற மாதிரி, செய்யறதுக்கு முன்னாடியே மக்கள்கிட்ட வசூல் பண்ற வழி. 51,000 டாலருக்கு மேல வந்துச்சு. கேம் 2015 செப்டம்பர் 15ல வெளிய வந்துச்சு. இதுல நீங்க பூதங்க வாழற பாதாளத்துல விழுந்த ஒரு மனுஷக் குழந்தை.

ரெட்ரோ. மாமா தடுக்கி விழுந்த வார்த்த இதுதான். ரெட்ரோன்னா பழைய கேம் இல்ல, பழைய முறையில செஞ்ச புது கேம். போன மாசம் தோல் கட்டுன புது உறுமிய பாத்து யாராவது பழைய மேளம்னு சொல்லுவமா? கட்டுற முற பழசு, மேளம் புதுசு, அடிக்கிற பையனுக்கு வயசு 16.

ஆர்பிஜி. ரோல் ப்ளேயிங் கேம், அதாவது நீங்க ஒரு வேஷம் எடுத்து ஒரு கதைக்குள்ள போறீங்க. 1974ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு மேசையில உக்காந்து பேசிப் பேசி, தாயம் உருட்டி விளையாடுற விளையாட்டு வந்துச்சு, அங்கேருந்து கம்ப்யூட்டருக்கு ஏறி, 1986ல ஜப்பான்ல டிராகன் குவெஸ்ட் வந்தப்புறம் வீட்டு வீட்டுக்கு தெரிஞ்ச விளையாட்டாச்சு. ஊரு ஊரா நடக்கணும், ஆளுங்ககிட்ட பேசணும், பூதம் வந்தா சண்ட போடணும், சண்டையில ஜெயிச்சா எக்ஸ்பின்னு ஒரு புள்ளி கிடைக்கும், புள்ளி சேந்தா பலம் கூடும். இந்தக் கடைசி வரிய மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.

இதுவரைக்கும்: இண்டின்னா முடிவு செஞ்சவர் கையில. ரெட்ரோன்னா முற பழசு, பொருள் புதுசு. ஆர்பிஜின்னா கதைக்குள்ள நீங்களும் ஒரு ஆளு.

புள்ளி கம்மின்னா கண்ணு வேல செய்யும்

வாசல்ல கோலம் போடறப்ப புள்ளி மட்டும் வெச்சிட்டு பாட்டி எழுந்து போயிட்டாலும், பாக்கறவங்களுக்கு கோடு தெரிய ஆரம்பிச்சிடும், மயிலா தாமரையான்னு மனசு தானா சேத்துக்கும். ஸ்கிரீன்ல இருக்கற ஒவ்வொரு குட்டிக் கட்டத்துக்கும் பிக்சல்னு பேரு. கட்டத்த அடுக்கி செஞ்ச, ஸ்கிரீன்ல நடமாடுற ஒரு சின்ன உருவத்துக்கு ஸ்ப்ரைட்னு பேரு.

அந்தக் காலத்துல இது ஆசப்பட்டு செஞ்சதில்ல. 1983ல ஜப்பான்ல வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் மிஷினுக்குள்ள வேல செய்யற மெமரி வெறும் 2 கிலோபைட், இன்னிக்கு வாட்சாப்ல வர்ற ஒரு காலை வணக்கம் படமே அதவிட பல மடங்கு பெருசு. ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூணு கலர்தான் குடுக்கலாம். அதுக்கும் முன்னாடி 1981லயே மரியோவுக்கு மீச ஏன் வந்துச்சுன்னா, அத்தன சின்ன மூஞ்சில வாய் வரைய எடமில்ல, மீச வெச்சா மூக்கு தனியா தெரியும். முடி வரையறது கஷ்டம், அதனால தொப்பி. கை அசையறது தெரியணும், அதனால சட்டைக்கு மேல வேற கலர்ல ஓவரால். இத வரைஞ்ச ஷிகெரு மியாமோட்டோவே சொன்னது. எடம் இல்லாமப் போனதால பொறந்த மூஞ்சி இன்னிக்கு உலகத்துக்கே தெரியுது.

இப்ப மிஷினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, ஆனா ஆளுக்கு இருக்கு, ஏன்னா ஒருத்தரே எல்லாத்தையும் செய்யணும். நிஜ மனுஷன் மாதிரி ஒரு முகத்த அசைய வெக்க பெரிய கம்பெனியில ஒரு கூட்டமே வேல பாக்குது. 16க்கு 16 கட்டத்துல ஒரு ஆளுன்னா மொத்தம் 256 கட்டம், ஒருத்தர் உக்காந்து செஞ்சிடலாம், ஆனா அதுல ஒரு கட்டம் தப்பா விழுந்தாலும் மூஞ்சி மாறிடும், அதனால சுலபமான வேலைன்னு மட்டும் நெனைக்காதீங்க. மிச்சமாகுற நேரம் வசனத்துக்கும் மியூசிக்குக்கும் ஆளுங்க குணத்துக்கும் போகுது.

இன்னொண்ணும் நடக்குது, எனக்கு இதுதான் முக்கியம். முகம் முழுசா தெரிஞ்சா அது அந்த நடிகரோட முகம். பாதிதான் தெரிஞ்சா மீதிய நம்ம போடுறோம், நம்ம போடற மீதி நமக்கு தெரிஞ்ச முகத்துலேருந்துதான் வரும். டொரியல் ரெண்டு கொம்பு, நீளக் காது, ஊதா அங்கி, அவ்வளவுதான். ஆனா அவங்க கைய பிடிச்சி முள்ளு வழிய தாண்ட வெக்கிறப்ப எனக்கு தெரிஞ்சது என் பெரியம்மா. நேர்மையா சொல்லணும்னா அண்டர்டேல்ல சில இடம் ரொம்ப சாதாரணமாத்தான் வரைஞ்சிருக்கு, படத்துக்காக மட்டும் வாங்குறவங்களுக்கு அத விட அழகான பிக்சல் கேம் நிறைய இருக்கு.

குரல் இல்லாமலே குரல்

தோட்டத்து லயத்துல இருந்த காலத்துல தூரத்துல கப்சாய் மோட்டார் சத்தம் கேட்டாலே யாரு வர்றாங்கன்னு சொல்லிடுவோம், ஒருத்தர் வண்டி இருமிக்கிட்டே வரும், ஒருத்தர் வண்டி மூணாவது கியர்ல அலறும். மூஞ்சிய பாக்கவே வேணாம்.

அண்டர்டேல்ல யாரும் வாய் திறந்து பேச மாட்டாங்க, எழுத்து ஒண்ணொண்ணா ஸ்கிரீன்ல வரும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டி சத்தம். அந்த சத்தம் ஆளுக்கு ஆள் வேற. டொரியலுக்கு மெதுவான சத்தம், சான்ஸ்ங்கற சோம்பேறி எலும்புக்கூட்டுக்கு அடித் தொண்டையில, அவனோட தம்பி பப்பைரஸுக்கு எகிறி எகிறி. அதோட அந்த ரெண்டு பேரு பேரும் எழுத்துரு பேரு, சான்ஸ் பேசறது காமிக் சான்ஸ் எழுத்துல, பப்பைரஸ் பேசறது பப்பைரஸ் எழுத்துல. எழுத்து எங்க நிக்குது, எங்க வேகமா ஓடுது, எங்க மூணு புள்ளியோட தயங்குது, இதெல்லாம்தான் நடிப்பு. குரல் குடுக்கற நடிகர் இல்லாமலே டோபி ஃபாக்ஸ் இத வெச்சே ஆள நிறுத்திட்டாரு.

மியூசிக்ல ரெண்டு வார்த்த தெரிஞ்சா போதும். பழைய கேம் மிஷின் சிப்பு போடற பீப் பீப் சத்தத்துல செய்யற இசைக்கு சிப்ட்யூன்னு பேரு. ஒரு ஆளுக்கோ இடத்துக்கோ சொந்தமா ஒரு மெட்டு குடுத்து, அத கதை நெடுக வேற வேற மாதிரி திருப்பி திருப்பி கொண்டு வர்றதுக்கு லீட்மோட்டிஃப்னு பேரு. நமக்கு இது புதுசே இல்ல, நம்ம படத்துல முதல் பாதியில சந்தோஷமா வந்த பாட்டு ரெண்டாம் பாதியில அதே மெட்டுல சோகமா வரும், முதல் ரெண்டு வரிக்கே தொண்ட அடைக்கும். கேம் தொறந்ததும் வர்ற அந்த சின்ன மெட்டு பின்னாடி பல மணி நேரம் கழிச்சி வேற உருவத்துல வர்றப்ப அதே வேலதான் நடக்குது.

சுருக்கமா: படம் பாதிய காட்டுது, சத்தமும் எழுத்தோட நடையும் ஆள அடையாளம் காட்டுது, மீதிய நம்ம மனசு போடுது.

ஆள் ஞாபகத்துல நிக்கறது எப்படி

நல்ல கேரக்டர்னா நெறைய பேசணும், பெரிய சோகக் கத இருக்கணும்னு ஒரு நெனப்பு இருக்கு. அதெல்லாம் வேணாம். ஒரு ஆசை, அந்த ஆசைக்கு குறுக்க நிக்கற ஒரு குணம், அது ரெண்டும் தெரியற மாதிரி ஒரு சின்ன செய்கை, இது போதும்.

பப்பைரஸுக்கு ராஜாவோட காவல் படையில சேரணும்னு ஆசை, அதுக்கு ஒரு மனுஷன பிடிக்கணும், ஆனா அவனுக்கு அடுத்தவங்க சந்தோஷமா இருக்கணும். பனிக்காட்டுல நடந்து போறப்ப ஒரு மேசையில ஸ்பகெட்டி தட்டு இருக்கும், குளுருல உறைஞ்சி மேசையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பக்கத்துல வயர் சொருகாத ஒரு மைக்ரோவேவ், நீங்க சாப்பிட ஆரம்பிச்சா அங்கேயே நின்னுடுவீங்க, அதுதான் அவன் பொறின்னு ஒரு கடிதம். செவுத்துல ஒரு எலி வளை. அங்க கேம சேவ் பண்ணா, என்னிக்காவது அந்த எலி ஒரு வழி கண்டுபிடிச்சி ஸ்பகெட்டிய சூடு பண்ணிடும்னு நெனைக்கிறப்ப உனக்கு மன உறுதி வருதுன்னு கேம் சொல்லும். பப்பைரஸ் அந்த இடத்துல இல்லவே இல்ல, ஆனா அவன பத்தி எல்லாம் தெரிஞ்சி போச்சி.

இங்க சண்டையும் குணம் காட்டுற இடம்தான். சண்ட வந்தா நாலு பட்டன்: அடி, செயல், பொருள், கருணை. அடிக்காமலே ஜெயிக்கலாம், செயல் பட்டன்ல எதிர்ல நிக்கறவங்களுக்கு என்ன வேணும்னு பாத்து செஞ்சா போதும். நாப்ஸ்டாபுளூக்னு ஒரு பேய், எப்பவும் மனசு ஒடிஞ்சி இருக்கும், அது அழற கண்ணீர்தான் உங்கள தாக்குற ஆயுதம். நீங்க அதுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டே இருந்தா கடைசியில கண்ணீர மேல அனுப்பி தலையில தொப்பியா ஆக்கி, எப்படி இருக்குன்னு கேக்கும். பின்னாடி அதோட வீட்டுக்குப் போனா, சும்மா தரையில படுத்து ஒண்ணுக்கும் ஆகாதவன் மாதிரி கிடக்கலாம் வாங்கன்னு கூப்பிடும். கூட படுத்து கை வெக்காம இருந்தா, மெல்ல மியூசிக் வரும், அறை மறைஞ்சி நட்சத்திரம் தெரியும். பட்டன தொடாம இருக்கறதே அங்க விளையாட்டு. நான் லேப்டாப் முன்னாடி ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

555 புத்தகம்

இப்பதான் உண்மையான மிஷினுக்குள்ள வரோம். தோட்டத்து வாசல்ல ஒரு தவுக்கே கடை இருந்துச்சு, கேம் புரியணும்னா அந்தக் கட தெரியணும். சம்பளம் வர்ற வரைக்கும் அரிசி, மீன் டின், மண்ணெண்ணெ எல்லாம் கடன், பேர் போட்ட ஒரு சின்ன 555 புத்தகத்துல கடைக்கார தவுக்கே எழுதி வைப்பாரு. பாட்டி கித்தா மரம் வெட்டிட்டு வந்து புத்தகத்த நீட்டுவாங்க. புத்தகத்துல என்ன எழுதியிருக்கோ அதான் கணக்கு.

கேமும் அப்படித்தான் ஞாபகம் வெக்குது. நீங்க ஒருத்தர விட்டீங்களா, அடிச்சீங்களா, குடுத்தத சாப்பிட்டீங்களா, ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு குறிப்பு, பக்கத்துல ஒரு நம்பர். இந்த குறிப்புக்கு ஃப்ளாக்னு பேரு. உதாரணத்துக்கு டொரியல் பேருக்கு நேரா 0ன்னா இன்னும் ஒண்ணும் நடக்கல, 1ன்னா விட்டாச்சி, 2ன்னா கொன்னாச்சின்னு வெச்சிக்குங்க. யாராவது பேச வர்றப்ப கேம் அந்த நம்பர பாத்து வசனத்த எடுத்துக் குடுக்கும். கேம சேவ் பண்றப்ப இந்த புத்தகம் மொத்தமும் ஒரு ஃபைலா கம்ப்யூட்டர்ல உக்காரும், அதுதான் சேவ் ஃபைல். மாயம் எதுவும் இல்ல, கணக்குப் புத்தகம்தான்.

மத்த கேம்ல தப்பு நடந்தா பழைய சேவ் ஃபைல தொறந்தா போதும், பக்கத்த கிழிச்சாச்சி, கடனே இல்ல. அக்கா மகன் செஞ்சதும் அதான். டொரியல் அவன இடிபாட்டுக்குள்ள வளத்துக்கப் பாக்கறாங்க, தூங்கறப்ப பட்டர்ஸ்காட்ச் இலவங்கப்பட்டை பைங்கற இனிப்புப் பலகாரம் ஒரு துண்டு கொண்டாந்து தரையில வெச்சிட்டுப் போறாங்க. அவன் வெளிய போகணும்னு கேக்கறான், அவங்க கதவு முன்னாடி நின்னு தடுக்கறாங்க, சண்ட. மத்த ஆர்பிஜில பழகுன பழக்கத்துல கொஞ்சம் அடிச்சி பலவீனமாக்குனா விட்டுடலாம்னு நெனைச்சான். பலம் கொறைஞ்ச நேரத்துல அவன் போட்ட ஒரு அடி எதிர்பாக்காத அளவுக்கு பெருசா விழுந்து அவங்க செத்துட்டாங்க. நெறைய பேருக்கு இதே இடத்துல இதேதான் நடந்திருக்கு.

அழுதான்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம் பழைய சேவ தொறந்தான். இந்த தடவ அடிக்கல, கருணை பட்டனையே திருப்பி திருப்பி அமுத்துனான். டொரியல் ஒண்ணும் பேசல, புள்ளி புள்ளியா மட்டும் வருது, நெருப்பு மேல நெருப்பு போடறாங்க. இவனுக்கு உயிர் ரொம்ப கொறைஞ்சதும் அந்த நெருப்பு அவன் மேல படாம ரெண்டு பக்கமும் விலகிப் போக ஆரம்பிச்சிது. பாட்டி பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. "அந்தம்மா ஏன் ஓரமா போடுது"ன்னு கேட்டாங்க. அவன் திரும்பாமலே, "கொல்ல மனசில்ல பாட்டி"ன்னான். கொஞ்ச நேரத்துல அவங்க விட்டுக் குடுத்து, கட்டிப் பிடிச்சி அனுப்பி வெச்சாங்க.

கதவுக்கு அந்தப் பக்கம் ஃப்ளவின்னு ஒரு பூ நிக்குது. நீ என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியும், அவங்கள கொன்னே, அப்புறம் மனசு கேக்காம திரும்பிப் போயிட்டேன்னு சொல்லுது. பையனுக்கு முகம் வெளுத்துப் போச்சி.

எப்படி தெரியும்? சேவ் ஃபைல்ல எழுதறதோட இன்னொரு சின்ன ஃபைல்லயும் கேம் தனியா குறிச்சி வெக்குது. நீங்க பழைய சேவ தொறந்தாலும் அந்தக் குறிப்பு அழியாது. 555 புத்தகத்துல பக்கத்த கிழிச்சிட்டுப் போய் நின்னாலும் தவுக்கேக்கு தெரியும், ஏன்னா அவரு கணக்க புத்தகத்துல மட்டுமா வெச்சிருக்காரு, தலையிலயும்தான் வெச்சிருக்காரு.

எக்ஸ்பிய மறக்காதீங்கன்னு சொன்னேன்ல. மத்த ஆர்பிஜில பூதத்த கொன்னா புள்ளி, புள்ளி வந்தா பலம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இந்த கேம்ல மட்டும் ஒவ்வொரு பூதத்துக்கும் ஊரு இருக்கு, வீடு இருக்கு, உறவு இருக்கு. எல்லாரையும் தேடித் தேடி கொன்னுட்டே போனா, ஸ்னோடின்ங்கற பனி ஊரு காலியா கிடக்கும். கடைக்குள்ள போனா கடைக்காரங்க இல்ல, என் குடும்பத்த ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு ஒரு சீட்டு மட்டும். எனக்கு அந்த இடத்துல நாங்க லயத்த விட்டு வந்து பல வருஷம் கழிச்சி திரும்பப் போய் பாத்த நாள்தான் ஞாபகம் வந்துச்சி, கதவெல்லாம் தொறந்து கிடந்துச்சி, தவுக்கே கடையில தராசு தொங்குன கொக்கி மட்டும் இருந்துச்சி. ஒரு கேம் வெறும் நம்பர வெச்சி ஒரு ஊரோட வெறுமைய கொண்டு வந்து நிறுத்துது. கிராஃபிக்ஸ் கூடுனா இது கூடியிருக்கும்னு எனக்குத் தோணல.

இந்தப் பகுதியில பாத்தது: நம்ம செய்யற ஒவ்வொண்ணும் ஃப்ளாக்கா பதியுது, ஆளுங்க அத பாத்து பேசறாங்க, சிலது அழிச்சாலும் அழியறதில்ல. ஞாபகம் வெச்சிருக்கற ஆள நம்மளும் ஞாபகம் வெச்சிக்கிறோம்.

விளையாடிப் பாக்கணும்னா

சாதாரண லேப்டாப் போதும். இங்கிலீஷ் வசனம் நெறைய, ஆனா கஷ்டமான இங்கிலீஷ் இல்ல, எழுத்து மெதுவா வர்றதால சின்னப் பசங்களும் படிச்சிடறாங்க. குண்டு மாதிரி வர்றத சிவப்பு இதயத்த நகத்தி தப்பிக்கற இடம் ஆரம்பத்துல கை நடுங்க வெக்கும், நாலஞ்சு தடவ செத்தா பழகிடும். முதல் தடவ விளையாடறப்ப யூடியூப்ல வழி பாக்காதீங்க, அண்ணன் தம்பி யாராவது சொல்லிக் குடுக்க வந்தா வேணாம்னு சொல்லிடுங்க. தவளைங்க ஏதாவது சொன்னா நின்னு கேளுங்க, அதுங்க சொல்றது சும்மா இல்ல.

அப்புறம் டொரியல் வெச்சிட்டுப் போற அந்த பை துண்டு. சண்டையில உயிர் கொறைஞ்சா அதுதான் மொதல்ல கண்ணுல படும், அத சாப்பிட்டா உயிர் முழுசா ஏறிடும். முடிஞ்சா வெச்சிருங்க, ரொம்ப தூரம் போனப்புறம் ஒரு இடத்துல அதுக்கு வேற வேல இருக்கு. அக்கா மகன் மூணு தடவ சாவற நிலைமைக்கு வந்தும் அத தொடல. மாமா பக்கத்துல நாற்காலிய போட்டு உக்காந்து, "சாப்பிடு லா, செத்துடுவே"ன்னு கத்துனாரு. "அவங்க குடுத்தது மாமா"ன்னு சொல்லிட்டு, வேற எதையோ எடுத்து சாப்பிட்டான்.